லாபம், இரண்டு, மூன்று

கதிரைக் கணக்கு

ஹவுஸ்மைஸ்டராக வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஹெர் லாங்கே என் கையில் ஒரு சாவிக்கொத்தைத் தந்தார். பதினேழு சாவிகள். நகரசபை வாடகைக்கு விடும் மண்டபம் ஒன்று, அதன் சமையலறை, கீழே இரண்டு சிறிய அறைகள், நிலவறை. இவற்றைத் திறந்து பூட்டிப் பராமரிப்பதுதான் வேலை. ஹெர் லாங்கே மண்டபத்தின் பொறுப்பாளர். அவர் ஜெர்மனில் சொன்னதை எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

"இந்த வேலைக்கு ரெண்டு விசயம் தெரிஞ்சாப் போதும். எத்தினை கதிரை வெளியில போகுது, எத்தினை கதிரை திரும்பி வருது. மற்றதெல்லாம் பழகலாம்."

நான் யாழ்ப்பாணத்தில் இருபத்திரண்டு வருடம் கணிதம் படிப்பித்தவன். ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது கூட, பயத்தை மறக்கக் கூரையின் விளக்குகளைத்தான் எண்ணினேன். படி, ஜன்னல், பஸ்ஸில் நிற்பவர்கள் என்று கண்ணில் படுவதை எல்லாம் எண்ணுவேன். இது ஒரு நோய் என்பது என் மனைவியின் முடிவு. அதற்குச் சம்பளம் தரும் வேலை கிடைத்ததில் எனக்குப் பெருமைதான்.

கதிரைகளைப் பத்துப் பத்தாக அடுக்கி வைப்போம். அடுக்கைக் கலைத்து வரிசையில் போடும்போது நான் தமிழில்தான் எண்ணுவேன். அதுவும் எங்கள் வீட்டில் அரிசி அளக்கிற மாதிரி. சுண்டு என்கிற சிறிய அளவுப் பாத்திரத்தால் அரிசி அளக்கும்போது முதல் சுண்டை யாரும் ஒன்று என்று சொல்வதில்லை. "லாபம்" என்று சொல்லிப் போடுவோம். அடுத்தது இரண்டு, அதற்கடுத்தது மூன்று. ஒன்று என்ற சொல்லோடு தொடங்கினால் வீட்டில் ஒன்றோடு நின்றுவிடும் என்று ஒரு பயம். என் தாய் அப்படி அளந்தார், மனைவியும் அப்படித்தான். நானும் முதல் கதிரையை லாபம் என்று சொல்லித்தான் போடுவேன். அதை யாரும் கேட்டதில்லை. வெறும் மண்டபத்தில் யார் இருக்கிறார்கள் கேட்க?

பதின்மூன்றாவது கதிரை

எங்கள் ஊர் கைசர்ஸ்லாட்டர்ன் நகரத்துக்குப் பக்கத்தில். சுற்றிலும் அமெரிக்கப் படை முகாம்கள். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஒரு நாள் மிஸ்ஸிஸ் ரூத் என்ற அமெரிக்கப் பெண்மணி வந்து கீழறை ஒன்றைக் கேட்டார். முகாமில் பிள்ளைகளுக்குச் சரித்திரம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். கணவர் ஜெர்மன்காரர். தானும் ஆசிரியர், நானும் ஆசிரியர் என்பதால் என்னோடு நின்று கதைத்தார். நாங்கள் ஆங்கிலத்தில் கதைத்தோம்.

"எங்கட நாட்டில ரெண்டு பெரிய கட்சிதான், மிஸ்டர் நடா. ஊரில ரெண்டே ரெண்டு மீன்கடை இருந்து, ரெண்டிலயும் நேற்றைய மீன் வித்தால் என்ன செய்வியள்?"

"மரக்கறி சாப்பிடலாம்," என்றேன்.

"அதைத்தான் கன பேர் செய்யினம். வோட்டுப் போடாமல் வீட்டில இருக்கினம். நாங்கள் மூண்டாவது கடை ஒண்டு திறக்கப் பார்க்கிறம்."

அமெரிக்காவில் அப்படி ஒரு மூன்றாவது கட்சி தொடங்கியிருந்தது. அதன் பெயர் இங்கே தேவையில்லை. ஒவ்வொரு மாநிலத்திலும் வாக்குச்சீட்டில் பெயர் வருவதற்கே கையெழுத்துச் சேர்க்க வேண்டுமாம். ஜெர்மனியில் இருக்கும் அமெரிக்கர்கள் தபாலில் வாக்குப் போடலாம். அவர்களைச் சேர்ப்பதற்கு இங்கே ஒரு கிளை. சீருடையில் இருப்பவர்கள் கட்சி வேலை செய்ய முடியாது என்பதால் ஓய்வு பெற்ற படையினர், ஆசிரியர்கள், மனைவிமார், முகாமில் ஒப்பந்த வேலை செய்பவர்கள்தான் வருவார்கள்.

முதல் கூட்டத்துக்குப் பன்னிரண்டு கதிரை கேட்டார். நான் பதின்மூன்று போட்டேன்.

"நான் பன்னிரண்டுதானே கேட்டனான்?"

"பிந்தி ஒராள் வருவார். எப்பவும் வருவினம்."

அப்படியே ஒருவர் பிந்தி வந்தார். பெயர் டேல். முன்னாள் சார்ஜன்ட், பழைய கார் வாங்கி விற்பவர். வந்து அந்தப் பதின்மூன்றாவது கதிரையில் இருந்து, காலை நீட்டி, "இந்தக் கட்சியில பிரேக் வேலை செய்யுதோ?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். மிஸ்ஸிஸ் ரூத்தும் சிரித்தார். நான் போட்ட மேலதிகக் கதிரை வீண் போகவில்லை என்று எனக்கு நல்ல திருப்தி.

ஒரு கதவு

கீழறையில் பன்னிரண்டு, பிறகு பத்தொன்பது, பிறகு இருபத்தாறு. இருபத்தாறுக்கு மேல் அந்த அறை தாங்காது. அமெரிக்கத் தேர்தல் நெருங்கிய வருடம் அவர்களை மேல் மண்டபத்துக்கு மாற்றினேன். அங்கே நாற்பது, பிறகு ஐம்பத்திரண்டு. ஒரு கட்சி வளர்வதை வேறு யாரும் இப்படிக் கையால் தூக்கிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு கதிரை நாலரைக் கிலோ.

மண்டபத்துக்கு இரண்டு வாசல்கள் உண்டு. மிஸ்ஸிஸ் ரூத் வந்ததும் ஒவ்வொரு முறையும் ஒரே விசயத்தைச் சொல்வார்.

"ஒரு கதவைத் திறந்தாக் காணும், மிஸ்டர் நடா. எல்லாரும் ஒரு கதவால வரட்டும், ஒரு கதவால போகட்டும். என்னதான் சண்டை பிடிச்சாலும் போகேக்கை ஒருத்தரோட ஒருத்தர் இடிபட்டுத்தான் போகவேணும்."

அவர்களும் சண்டை பிடித்தார்கள். வரி, துப்பாக்கி, வெளிநாட்டு வியாபாரம் என்று எல்லாவற்றுக்கும் இரண்டு பக்கம் இருந்தது. ஆனால் கை தட்டி ஒழுங்குக்குக் கொண்டு வந்தால் இருந்துவிடுவார்கள். வாக்கெடுப்பு நடக்கும், தோற்றவர் வென்றவருக்குக் கோப்பி வார்த்துக் கொடுப்பார். எனக்கு அது பெரிய ஆச்சரியம்.

காரணம், அதே மண்டபத்தில் அதே காலத்தில்தான் எங்கள் தமிழ் மன்றம் உடைந்தது. வாணி விழாவில் யார் வரவேற்புரை சொல்வது என்று தொடங்கிய பிரச்சினை. இரண்டு மாதத்தில் இரண்டு மன்றம். இரண்டுக்கும் ஒரே பெயர், ஒன்றில் மட்டும் முன்னால் "ஐக்கிய" என்று ஒரு சொல் கூடுதல். ஹெர் லாங்கே இரண்டு விண்ணப்பங்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"இதில எது நீர்?"

என்னால் தலை நிமிர முடியவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"எங்கட சனத்துக்குச் சேர்ந்து இருக்கத் தெரியாது. அந்த அமெரிக்கரைப் பாரும். அடிபட்டுக் கொண்டும் ஒண்டா இருக்கினம். எங்களுக்கு அது பிறப்பிலயே இல்லை."

மனைவி கீரை ஆய்ந்து கொண்டிருந்தாள். "பொறுங்கோ," என்றாள். "அவைக்கும் வாணி விழா ஒண்டு வரும்."

அறுபத்தொரு கதிரை

தேர்தலில் அவர்கள் எதிர்பார்த்தது கிடைக்கவில்லை. அதன் பிறகு அமெரிக்காவில் கட்சிக்குள் இழுபறி என்று கேள்விப்பட்டேன். கட்சியைத் தொடக்கியவரோடு நிற்க ஒரு பாதி. வெளியில் இருந்து வந்த புதியவர் ஒருவரோடு போக மறுபாதி. ஒரே பெயரில் இரண்டு மாநாடு கூட்டப் போகிறார்கள் என்ற கதை வந்தபோது எனக்கு எங்கள் மன்றம்தான் ஞாபகம் வந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் இங்கேயும் கிளை ஒரு பக்கம் சாய வேண்டி வந்தது. டேல் புதியவர் பக்கம். அதை வாக்கெடுத்து முடிவு செய்யும் கூட்டத்துக்கு முந்தின நாள் மிஸ்ஸிஸ் ரூத் கதிரை ஒழுங்கு பார்க்க வந்தபோது களைத்துப் போயிருந்தார்.

"நான் பழைய ஆளோட. அது எல்லாருக்கும் தெரியும். ஆனா நாளைக்கு நான் தோத்தாலும் பரவாயில்லை. எல்லாரிட்டயும் ஒரு வாக்குறுதி வாங்கியிருக்கிறன். எந்தப் பக்கம் வெண்டாலும், மற்றப் பக்கம் கட்சியை விட்டுப் போகாது. டேலும் சம்மதிச்சிட்டார்."

"பிறகென்ன யோசனை?"

"ஆர் எண்ணுறது எண்டதிலதான் பிரச்சினை. என்ர ஆளை அவை நம்பமாட்டினம், அவையின்ர ஆளை என்ர ஆக்கள் நம்பமாட்டினம். நான் உங்கட பேரைச் சொன்னனான். அந்த மனிசன் காலமை தொடக்கம் பின்னேரம் வரைக்கும் கதிரை எண்ணுறவர், ஒருநாளும் பிழைச்சதில்லை எண்டு. ரெண்டு பக்கமும் ஓமெண்டுட்டினம்."

எண்ணிக்கை சுத்தமாக இருந்தால் கட்சி ஒன்றாக இருக்கும். அவ்வளவுதான் என் பொறுப்பு. நான் அன்று வீட்டுக்குப் போய் வெள்ளைச் சட்டையை அயர்ன் பண்ணினேன். எதற்கு என்று மனைவி கேட்டாள். "நாளைக்கு அமெரிக்க அரசியலில எனக்கு ஒரு வேலை இருக்கு," என்றேன். இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

அடுத்த நாள் மத்தியானம் அறுபத்தொரு கதிரை போட்டேன். அறுபத்தொன்றும் நிரம்பின. அறுபது பேருக்கு வாக்கு. தலைமை தாங்கிய மிஸ்ஸிஸ் ரூத் முன்னால் தனியாக ஒரு கதிரையில் இருந்தார். சமமாக வந்தால் மட்டும் அவருக்கு ஒரு வாக்கு என்பது விதி.

கையை உயர்த்தினால் ஒளித்து இரண்டு கையும் தூக்குவார்கள் என்று சொல்லி, எழும்பி நிற்கிற வாக்கெடுப்பு வைத்தார்கள். நான் நடந்து போய் ஒவ்வொருவரின் கதிரை முதுகையும் தொட்டு, எல்லோருக்கும் கேட்கச் சத்தமாக ஆங்கிலத்தில் எண்ண வேண்டும்.

முதலில் டேல் பக்கம் எழும்பியது. முதல் வரிசையின் முதல் கதிரையில் டேல். நான் அவருடைய கதிரை முதுகில் கை வைத்தேன். கதிரையில் கை பட்டவுடன் வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது.

"லாபம்."

சொன்னவுடன் திடுக்கிட்டேன். ஆங்கிலத்தில் எண்ண வேண்டும் என்று என்னை நானே அதட்டிக்கொண்டு அடுத்த கதிரைக்கு நகர்ந்து, "வன்" என்றேன். பிறகு டூ, த்ரீ என்று நல்ல சத்தமாகப் போனேன். இருபத்தொன்பது என்று முடித்தேன்.

மற்றப் பக்கம் எழும்பியது. கவனமாக வன் என்றே தொடங்கினேன். முப்பது.

ஒரு பக்கம் கை தட்டியது. நான் தட்டவில்லை. இருபத்தொன்பதும் முப்பதும் ஐம்பத்தொன்பது. மிஸ்ஸிஸ் ரூத்தோடு அறுபது. நான் போட்டதோ அறுபத்தொன்று. வெறும் கதிரை ஒன்றும் இல்லை. எழும்பாமல் இருந்தவரும் இல்லை.

"பொறுங்கோ," என்றேன். "ஒரு ஆள் குறையுது. முதல் பக்கமும் முப்பதுதான். நான் முதல் ஆளை விட்டிட்டன்."

"முதல் ஆள் நான்," என்றார் டேல். மண்டபத்தில் சிரிப்பு. அவரும் சிரித்தார். அந்த இடத்தில் எல்லாம் சரியாகிவிடும் போலத்தான் இருந்தது. சமம் என்றால் மிஸ்ஸிஸ் ரூத் வாக்களிப்பார், எல்லோரும் ஒரு கதவால் போவார்கள்.

"விட்டது பரவாயில்லை, நடா," என்றார் டேல். "ஆனா என்னைத் தொட்டு என்னவோ சொன்னியே. அது என்ன?"

நான் சொல்லியிருக்க வேண்டும். நாங்கள் அரிசி அளக்கும்போது இப்படிச் சொல்வோம், பழக்கத்தில் வந்துவிட்டது என்று ஒரு வசனம். ஆனால் அறுபது அமெரிக்கர் என்னைப் பார்த்துக் கொண்டிருந்தார்கள். வெள்ளைச் சட்டையோடு நின்ற கணித ஆசிரியனுக்கு, சுண்டையும் அரிசியையும் அந்த மண்டபத்தில் எடுத்துச் சொல்ல வெட்கமாக இருந்தது.

"ஒண்டுமில்லை," என்றேன். "அதுக்கு அர்த்தமே இல்லை. சும்மா வாயில வாற ஒரு சத்தம்."

மூன்றாவது வரிசையில் கோபால் நின்றார். சென்னையில் பிறந்து, அமெரிக்கக் குடிமகனாகி, முகாமில் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவர். நல்ல பிள்ளை. உதவி செய்கிறேன் என்று நினைத்துச் சொன்னார்.

"நோ நோ, அர்த்தம் இருக்கு. அது எங்க பாஷை. லாபம்னா ப்ராஃபிட்."

யாரும் சிரிக்கவில்லை.

"ப்ராஃபிட்?" என்றார் டேல். "என்னை எண்ணாமல் விட்டா ஆருக்கு ப்ராஃபிட்?"

பின்னால் இருந்து ஒரு குரல், "அர்த்தமில்லை எண்டு ஏன் பொய் சொன்னவர்?" என்றது. இன்னொரு குரல், "இந்த ஆளை ஆர் கொண்டு வந்தது?" என்றது. எல்லாத் தலைகளும் மிஸ்ஸிஸ் ரூத் பக்கம் திரும்பின.

அப்போதுதான் அரிசியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். ஆங்கிலம் என்னை விட்டுப் போய்விட்டது. நாங்கள் அரிசியை எண்ணும்போது, அதாவது அளக்கும்போது, முதலாவது ஆளை, அதாவது முதலாவது சுண்டை என்று தடக்கிக் கொண்டு நின்றேன். "இப்ப எங்களை அரிசி எண்டுறாரே?" என்று ஒருவர் கேட்டார்.

மிஸ்ஸிஸ் ரூத் எழும்பி, திரும்ப எண்ணுவோம், வேறு யாராவது எண்ணட்டும் என்றார். டேல் பக்கத்தவர்கள் எழும்பினார்கள். எண்ணுவதற்கு அல்ல. மேலங்கியை எடுத்துக் கொண்டு, நான் பூட்டி வைத்திருந்த மற்றக் கதவுக்குப் போனார்கள். அது திறக்கவில்லை. அதற்குப் பக்கத்தில் இருந்த அவசரக் கதவைத் தள்ளினார்கள். உடனே அபாயமணி அடிக்கத் தொடங்கியது.

அதை நிறுத்துவதற்கு ஒரு சாவி உண்டு. பதினேழில் பதினோராவது. எனக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். அன்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். மணி அடித்துக்கொண்டே இருக்க, முப்பது பேர் அந்தக் கதவால் வெளியே போனார்கள்.

மடக்குச் சுவர்

அடுத்த மாதம் ஒரே சனிக்கிழமை, ஒரே நேரம் கேட்டு, ஒரே கட்சிப் பெயரில் இரண்டு விண்ணப்பங்கள் வந்தன.

"முதல்ல உங்கட தமிழ் மன்றம், இப்ப அமெரிக்கர்," என்றார் ஹெர் லாங்கே. "நீர் கோப்பியில என்ன போடுறீர்?"

வேறு அறை இருக்கவில்லை. மண்டபத்தை இரண்டாகப் பிரிக்கிற மடக்குச் சுவர் ஒன்று உண்டு. ட்ரென்வாண்ட் என்பார்கள். அதை இழுத்து நடுவில் பூட்டினேன். இரண்டு பக்கமும் இருபத்தைந்து கதிரை போட்டேன். இரண்டு கதவையும் திறந்தேன்.

ஊரில் தமிழ்க்கடைக்குப் போக முடியவில்லை. முன்பு மாஸ்டர் என்று கூப்பிட்டவர்கள் லாபம் மாஸ்டர் என்றார்கள். "என்ன லாபம் மாஸ்டர், அடுத்தது எந்த நாட்டுக் கட்சி?" என்று கேட்டு மிளகாய்த்தூளை நிறுத்தார் கடைக்காரர். கோபால் ஒருநாள் மண்டபத்துக்கு வந்து என்னைத் தேடினார்.

"சாரி சார். அம்மாகிட்ட போன்ல கேட்டேன். எங்க பாட்டி வீட்லயும் அப்படித்தான் அளப்பாங்களாம். எனக்குத் தெரியவே தெரியாது சார். தெரிஞ்சிருந்தா வாயைத் தொறந்திருக்க மாட்டேன்."

"நீங்கள் உண்மையைத்தானே தம்பி சொன்னனீங்கள்," என்றேன். "பொய் சொன்னது நான்."

மடக்குச் சுவரை இழுத்த அந்தச் சனிக்கிழமை மிஸ்ஸிஸ் ரூத்தும் வந்தார். எந்தப் பக்கமும் போகவில்லை. மண்டபத்துக்கு வெளியே தாழ்வாரத்தில் நின்று ஒரு கதிரை கேட்டார். கொண்டு வந்து கொடுத்தேன். இரண்டு கதவுக்கும் நடுவில் இருந்துகொண்டு, இரண்டு பக்கச் சத்தத்தையும் கேட்டுக் கொண்டிருந்தார். பழைய ஆக்கள் பக்கம் அதற்குள்ளேயே தலைவர் யார் என்று வாக்குவாதம் தொடங்கியிருந்தது. டேல் பக்கமும் பெரிய அமைதி இல்லை.

"மிஸ்ஸிஸ் ரூத், என்ர அந்தச் சொல்லால..." என்று தொடங்கினேன்.

"அந்தச் சொல் இல்லாட்டில் வேற ஒரு சொல்லை எடுத்திருப்பினம்," என்றார். "போகிறவைக்கு ஏதாவது ஒண்டு வேணும். எண்ணிக்கை பிழைச்சதும் பரவாயில்லை. நீங்களே கண்டு பிடிச்சுச் சொன்னீங்கள்."

கதிரையை என் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஆனா அர்த்தமில்லை எண்டு சொல்லியிருக்கக் கூடாது, மிஸ்டர் நடா. நம்புங்கோ எண்டு உங்களைக் காட்டினது நான். அதுக்குப் பிறகு நான் என்ன சொல்லியும் எடுபடேல்லை."

எழும்பித் தன் கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு போய் அடுக்கில் வைத்தார். அதற்குப் பிறகு அவர் அந்த மண்டபத்துக்கு வரவில்லை. இரண்டு பக்கத்துக்கும் கதிரை குறைந்துகொண்டு வந்தது. பதினெட்டு, பதினொன்று, ஏழு. ஒரு பக்கம் கீழறைக்குப் போனது. மற்றப் பக்கம் விண்ணப்பமே போடவில்லை.

அளவு

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். மண்டபத்தில் யார் எதை எண்ணச் சொன்னாலும், எந்த மொழியில் என்று முதலில் கேளுங்கள். பிழைத்தால் உடனே சொல்லுங்கள். உங்கள் வாயில் உங்கள் வீட்டுச் சொல் வந்துவிட்டால், அதன் அர்த்தத்தையும் அதே சத்தத்தில் சொல்லுங்கள். இப்போது முழங்கால் நோவோடு வீட்டில் இருந்துகொண்டு அதைச் சொல்வது சுலபம். அன்று அந்த ஒரு வசனம் எனக்கு வரவில்லை.

மிச்சமிருந்த வருடங்கள் மண்டபத்தில் ஜெர்மனில் எண்ணினேன். ஐன்ஸ், ஸ்வை, ட்ரை. எண்ணிக்கை பிழைக்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் மனைவிக்குக் கை நோவு. அரிசி அளந்து தரச் சொன்னாள். சுண்டை நிரப்பிச் சட்டியில் போட்டு, "ஒண்டு" என்றேன்.

மனைவி சட்டியை எடுத்து அரிசியைத் திரும்ப வாளிக்குள் கொட்டினாள். சுண்டை என் கையில் வைத்தாள்.

"இஞ்சாருங்கோ, இது என்ர வீடு. முதல்ல இருந்து அளவுங்கோ."

சுண்டை நிரப்பினேன். குசினிக் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். பிறகு அவளுக்கு மட்டும் கேட்கிற அளவில் சொன்னேன்.